தோட்டத்துக்கு மூளை வைப்பது எப்படி?

தலைமை அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்துவிட்டது. சிலாங்கூரில் ஜெராம் கடைத்தெருவிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் உங்கள் செம்பனைத் தோட்டத்தில், ஆண்டு முடிவதற்குள் ‘உயிரின அறிவைப் பின்பற்றிய நுண்ணறிவுக் கட்டுப்பாட்டு அமைப்பு’ ஒன்று ஓடிக்கொண்டிருக்க வேண்டுமாம். அது எதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று மின்னஞ்சலில் இல்லை. அனுப்பியவருக்கும் தெரியாது, அவருக்கும் மேலேயிருந்து வந்ததுதான். பதற வேண்டாம். கீழே சொல்வதைச் செய்துகொண்டே வந்தால் டிசம்பருக்குள் தோட்டத்துக்கு ஒரு மூளை அமைந்துவிடும். மூளை அமையாவிட்டாலும், அமைந்திருக்கிறது என்று காட்ட ஆபீஸ் சுவரில் ஒரு பெரிய திரையாவது இருக்கும்.

முதல் வேலை, ஒரு பிராணியைப் பிடிப்பது. இதில் சுணங்கினால் நல்லதெல்லாம் போய்விடும். எறும்பை மார்கோ டோரிகோ 1992லேயே மிலானில் தன் முனைவர் ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டார். இரைக்கும் புற்றுக்கும் நடுவே எறும்பு வாசனையால் போடும் தடத்தைக் கணக்காக்கி, குறுக்குவழி கண்டுபிடிக்கும் முறை ஒன்றைச் செய்தார். உருப்படியான வேலை, லோரிகளுக்கு வழி வகுக்க இன்றும் உதவுகிறது. பறவைக் கூட்டம் 1995ல் போயிற்று. அதன்பிறகு வேலி சாய்ந்தது. 2006ல் பூனை, 2008ல் மின்மினி, 2009ல் குயில், 2010ல் வௌவால், 2014ல் சாம்பல் ஓநாய், 2016ல் திமிங்கிலம் என்று ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். பெல்ஜியத்தைச் சேர்ந்த கென்னத் சோரென்சன் 2015ல் ஒரு கட்டுரை எழுதி, இவற்றில் பலவற்றின் தோலை உரித்தால் உள்ளே பழைய கணக்குதான் இருக்கிறது என்று போட்டு உடைத்தார். பிராணி பிடிக்கிறவர்கள் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

உள்ளூர்ப் பிராணியாக இருந்தால் மானியம் வாங்கச் சுலபம். காட்டுப்பன்றி வேண்டாம், கூட்டத்தில் சிலர் முகம் சுளிப்பார்கள். முசிறு என்றும், மலாய்க்காரர் வாயில் கெரெங்கா என்றும் வழங்கும் சிவப்பெறும்பு கடிக்கும். புக்கிட் மெலாவத்திக் குரங்குகளை யோசிக்கலாம். வருகிறவர் கையில் பயற்றங்காய்க் கட்டு இருக்கிறதா என்று தூரத்திலேயே பார்த்து, இருந்தால் தோளில் ஏறி, இல்லாவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அந்தக் குன்றில், யார் யாரைக் கட்டுப்படுத்துகிறார்கள் என்று பார்ப்பவருக்கே சந்தேகம் வரும். ஆனால் குரங்கைத் தலைமை அலுவலகத்துக்கு எழுதினால் கேலியாகப் போகும்.

ஆகவே மின்மினி. இரவு எட்டு மணிக்கு மேல், இந்த அமைப்புக்காக வரும் ஆலோசகரைக் கம்போங் குவாந்தான் படகுத்துறைக்கு அழைத்துப் போங்கள். மோட்டார் இல்லாத சம்பான். துடுப்புப் போட ஒருவர். சிலாங்கூர் ஆற்றங்கரையின் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் அப்பிக் கிடக்கும். முதலில் எல்லாம் தாறுமாறாகத் தெரியும். கண்ணை ஒரே மரத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தால், மரம் முழுக்க ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைவது பிடிபடும். ஆலோசகர் கைப்பேசி வெளிச்சத்தைப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துடுப்புக்காரர் திட்டுவார், திட்ட வேண்டியதுதான்.

பெரட்டுக்கு மணியடிக்கிற ஆள் அந்த மரத்தில் கிடையாது. ஒவ்வொரு பூச்சிக்கும் உள்ளே ஒரு தாளம் ஓடுகிறது. பக்கத்துப் பூச்சி மின்னினால் தன் தாளத்தைச் சற்றே முன்னோ பின்னோ தள்ளிக்கொள்கிறது. அவ்வளவுதான் சூத்திரம். இதை நம்ப வெளியுலகத்துக்கு வெகுகாலம் ஆயிற்று. 1917ல் பிலிப் லாரன்ட் என்ற அமெரிக்கர், பூச்சிகள் ஒன்றாக மின்னுவதில்லை, பார்க்கிறவரின் கண்ணிமைதான் படபடக்கிறது என்று ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார். அதே 1917ல், இந்த ஆற்றின் மேல்பக்கத்தில், இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே தென்னமரம் தோட்டத்தில், ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்டுக்கொண்டிருந்தார். மலாயாவைப் பற்றிய நாவலுக்கு 1930ல் கோன்கூர் பரிசு வாங்கியவரும் அவர்தான். லாரன்ட் அவருக்கு ஒரு கடிதம் போட்டிருந்தால் போதும். சாயங்காலம் சம்பானில் ஏற்றிக் காட்டியிருப்பார்.

1960களில் ஜான் பக்கும் அவர் மனைவி எலிசபெத்தும் தாய்லாந்துக்குப் போய், மின்மினிகளைப் பிடித்துவந்து பாங்காக் ஓட்டல் அறை இருட்டில் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். சுவரில் ஆங்காங்கே உட்கார்ந்த பூச்சிகள் ஜோடி ஜோடியாக, மூன்று மூன்றாகத் தாளம் சேர்ந்தன. பின்னர் 1990ல் மிரோலோவும் ஸ்ட்ரோகாட்ஸும், இப்படித் தள்ளிவிட்டுக்கொள்ளும் கடிகாரங்கள் எத்தனை இருந்தாலும், ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தால், கடைசியில் ஒன்றுசேர்ந்துவிடும் என்று கணிதத்தில் நிறுவினார்கள். 2005ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் கம்பியில்லா உணரிகளுக்கு இதையே சொல்லிக்கொடுத்து, மையக் கடிகாரம் இல்லாமலே நேரத்தை ஒத்துப்போக வைத்தார்கள். எனவே நீங்கள் செய்ய வேண்டியது, தோட்டத்தில் நாற்பது கம்பம் நட்டு, உச்சியில் விளக்கு வைத்து, எல்லாம் ஒரே தாளத்தில் மின்னும்படி செய்வது. எதற்கு என்று கேட்காதீர்கள். திறப்பு விழாவுக்கு மந்திரி வந்தால் படம் எடுக்க நன்றாக இருக்கும்.

ஆற்றங்கரை மின்மினிக்குக் காரணம் இருக்கிறது: ஆண், பெண்ணைக் கூப்பிடுகிறது. அது பிறந்து வளர்ந்ததோ மரத்துக்குப் பின்னால், நீப்பா ஓலைக் காட்டின் ஈரமண்ணில். புழுவாக இருக்கும்போது அதற்கு இரை சேற்று நத்தை. நத்தைக்கு வேண்டியது உப்பும் நன்னீரும் அளவோடு கலந்த கரை. கோல குபு பாருவில் ஆற்றின் தலைப்பக்கம் அணை கட்டியபோது, கீழே மின்மினிகளின் கதி என்ன என்ற பேச்சு நாளிதழ் வரைக்கும் போனதற்கு இதுதான் காரணம். உங்கள் நாற்பது கம்பங்களுக்கு நத்தையும் வேண்டாம், சேறும் வேண்டாம். விற்பனையாளர் இதைத்தான் பெரிய சிறப்பாகச் சொல்வார். இந்த இடத்தைப் பென்சிலால் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டும்.

அடுத்து, அமைப்பின் மண்டைக்குள் எதை நிரப்புவது? மலிவான வழி, ஏற்கெனவே சம்பளப் பட்டியலில் இருக்கும் ஒரு மூளையை இரவல் வாங்குவது. ஆலையில் பொய்லர் பார்க்கும் பெரியவரைப் பிடியுங்கள். செம்பனை ஆலைப் பொய்லரில் எரிவது பழத்திலிருந்து பிழிந்து எஞ்சிய நாரும் உடைத்த கொட்டையின் ஓடும். அந்த நீராவியில்தான் குலை வேகிறது, அதுவும் 3 பார் அழுத்தத்தில். அழுத்தம் இறங்கினால் குலை சரியாக வேகாது, பழம் உதிராது, மேலே எல்லாம் நிற்கும். பெரியவர் மானியைப் பார்ப்பதை விடப் புகைக்கூண்டைத்தான் அதிகம் பார்ப்பார். கேட்டால் இப்படிச் சொல்வார்: “பிரஷர் கொஞ்சம் எறங்குதா, நாரு கொஞ்சம் கூடப் போடணும். ரொம்ப எறங்கிடுச்சா, ஓட்டையும் சேத்துத் தள்ளு. பொகை கறுத்து வந்தா காத்தைத் தெறந்துவிடு.”

இதைக் கேட்டு ஆலோசகர் நோட்டை மூடிவிடக்கூடும். மூட வேண்டாம். இதே பாணி வாக்கியங்களை வைத்துத்தான் 1974ல் லண்டனில் எப்ராகிம் மம்தானி ஒரு சின்ன நீராவி எந்திரத்தை ஓட்டிக் காட்டினார். டான்சானியாவில் பிறந்து புனேயில் பொறியியல் படித்தவர். ‘கொஞ்சம்’, ‘ரொம்ப’, ‘ஓரளவு’ என்பவற்றுக்கெல்லாம் கணக்குப் போட 1965ல் லோத்ஃபி ஸாதே வழி சொல்லியிருந்தார். மம்தானி அதை எடுத்து, எந்திரம் ஓட்டுகிறவர் பேசுகிற மாதிரியே விதிகள் எழுதிக் கொதிகலனிடம் கொடுத்தார். டென்மார்க்கில் சிமெண்ட் சூளைக்கு அது போயிற்று. 1987ல் ஜப்பானின் செண்டாய் நகரச் சுரங்க ரயில் அதைக் கொண்டு பிரேக் பிடித்தது, நின்றுகொண்டு வந்தவர்கள் தடுமாறாத அளவுக்கு. எனக்குக் கேட்டால், உயிரின அறிவைப் பின்பற்றியதாகச் சொல்லிக்கொள்ளும் கூட்டத்தில் இதற்குத்தான் முதல் மரியாதை. பின்பற்றப்பட்ட உயிரினம் யார் என்று தெரியும். அவரிடம் போய்க் கேட்கவும் செய்தார்கள்.

உங்கள் தோட்டத்தில் நடைமுறை இப்படி இருக்கட்டும். பெரியவருக்கு ஒரு தே தாரிக் வாங்கிக்கொடுத்து, விதிகளை எழுதிக்கொண்டு, மேலே ஆலோசகர் நிறுவனத்தின் முத்திரையைப் போட்டு, பெரியவருக்கு ஓய்வு கொடுத்து மாலை போட்டு அனுப்பிவிடுங்கள். முதல் மழைக்காலம் வரைக்கும் எல்லாம் அழகாக ஓடும். வெளியே குவித்த ஓடு ஊறிப்போய்க் கிடக்கும் நாளில் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை; கேட்காததை அவரும் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி அமைப்பு தன் விதிப்படி ஈர ஓட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும், அழுத்தம் இறங்கிக்கொண்டே இருக்கும், திரையில் எல்லாம் பச்சையாகவே இருக்கும். பெரியவராக இருந்தால் வேட்டியை மடித்துக்கொண்டு ஓடியிருப்பார். ஆலை நின்றால் லோரிகள் கேட்டில் வரிசை கட்டும், மேனேஜர் கூச்சல் போடுவார், மறுநாள் தூக்கம் போகும் என்று அவர் உடம்புக்குத் தெரியும். அமைப்புக்கு ஆலை நின்றால் என்ன, ஓடினால் என்ன?

நத்தையும் சேறும் வேண்டாம் என்ற இடத்தில் போட்ட அடிக்கோட்டை இப்போது பாருங்கள். உயிரினங்களைப் பார்த்து எந்திரம் செய்யத் தொடங்கிய முதல் தலைமுறைக்கு இது தெரிந்திருந்தது. 1948ஐ ஒட்டி, இங்கே அவசரகாலச் சட்டம் வந்து தோட்டங்கள் அரண்டு கிடந்த அந்த ஆண்டுகளில், இங்கிலாந்தின் பிரிஸ்டலில் கிரே வால்டர் என்ற மூளை ஆய்வாளர் இரண்டு ஆமைகள் செய்தார். எல்மர், எல்சி என்று பெயர். ஓட்டுக்குள் மூன்று சக்கரம், வெளிச்சம் பார்க்க ஒரு கண், நரம்புக்குப் பதிலாக ரேடியோ வால்வு இரண்டே இரண்டு. மின்கலம் நிறைந்திருக்கும்போது ஆமை மங்கலான வெளிச்சத்தைத் தேடிச் சுற்றும். கண் கூசும் வெளிச்சத்தைக் கண்டால் ஒதுங்கும். மின்கலம் இறங்கினால் புத்தி மாறும். எந்த வெளிச்சத்துக்கு ஒதுங்கியதோ அதை நோக்கியே போகும், ஏனென்றால் அந்த விளக்கு அதன் கூட்டுக்குள் இருக்கிறது, மின்சாரம் ஏற்றிக்கொள்ளும் இடமும் அங்கேதான். அதே காலத்தில் ராஸ் ஆஷ்பி என்ற மனநல மருத்துவர், போர் முடிந்து மிஞ்சிய விமானப்படைச் சாமான்களால் நாலு பெட்டி செய்து, ஒன்றோடொன்று பின்னிவிட்டார். யாராவது இடைஞ்சல் செய்து முள்ளை எல்லைக்கு வெளியே தள்ளினால், பெட்டிகள் கண்டபடி தங்கள் இணைப்புகளை மாற்றிப் பார்த்து, முள் நடுவுக்குத் திரும்பிய பிறகுதான் ஓயும்.

ஆமைக்கு மூளை என்று சொல்ல இரண்டு வால்வுதான் இருந்தது. ஆனால் வயிறு இருந்தது. பின்னால் வந்தவர்கள் மூளையைப் பெருக்கிக்கொண்டே போனார்கள், வயிற்றைக் கீழே போட்டுவிட்டார்கள். இது ஒன்றுதான் இந்த வழிகாட்டியில் நான் சொந்தமாகச் சொல்லக்கூடியது. மற்றதெல்லாம் பிறர் செய்த வேலை. எந்தப் பிராணியும் கட்டுப்படுத்த வேண்டும் என்ற ஆசையால் எதையும் கட்டுப்படுத்துவதில்லை. தன் இரையை, தன் குஞ்சைப் பார்த்துக்கொள்கிறது. நமக்கு வேண்டியது அதன் ஓரத்தில் நடந்துவிடுகிறது. ஆகவே விற்பனையாளரிடம் விலை, உத்தரவாதம் எல்லாம் கேட்பதற்கு முன்னால் கேளுங்கள்: இது என்ன சாப்பிடும்? ‘மின்சாரம்’ என்று சிரித்துக்கொண்டே சொன்னால், அவருக்குக் கேள்வி புரியவில்லை.

சாப்பிடுகிற கட்டுப்பாட்டு அமைப்பைப் பார்க்க வேண்டுமானால் ஆபீஸ் படி இறங்கிப் போய், பூத்திருக்கும் ஆண் பாளை ஒன்றின் கீழே நில்லுங்கள். சோம்பு வாசம் அடிக்கும். உற்றுப் பார்த்தால் பாளையின் விரல்களில் எள்ளைவிடச் சற்றே பெரிய, கரும்பழுப்புக் கூன்வண்டுகள் மொய்க்கும். இவை இந்த மண்ணுக்குச் சொந்தமில்லை. 1980 வரைக்கும் செம்பனைக்கு மகரந்தம் சேர்க்க இங்கே ஆள் போட்டார்கள். தோட்டத்துப் பெண்கள் பலர் மகரந்தத்தை டால்கம் பவுடரில் கலந்து, ஊதுகுழலில் அடைத்து, மரம் மரமாகப் பெண் பாளையைத் தேடி ஊதிக்கொண்டு போனார்கள். ஆப்பிரிக்காவில் யாரும் ஊதாமலே காய்க்கும் மரம் இங்கே ஏன் காய்க்க மாட்டேன் என்கிறது என்று பார்க்கப் போனவர் ஆர். ஏ. சையத் என்ற பூச்சியியலாளர். காமரூனில் இந்த வண்டைக் கண்டார். வேறு பயிரைத் தின்னுமா என்று சோதித்துப் பார்த்த பிறகு, 1981 பிப்ரவரியில் ஜொகூர், குளுவாங்கில் பாமோல் தோட்டத்தில் முதலில் விட்டார்கள். வண்டு யாரையும் கேட்காமல் தோட்டம் தோட்டமாகப் பரவித் தீபகற்பம் முழுக்கப் போய்விட்டது.

அதன் வேலைத் திட்டம் எளிது. ஆண் பாளைதான் அதற்குச் சோறும் தொட்டிலும். முட்டையிடுவதும் புழு வளர்வதும் அங்கேதான். பெண் பாளை மலரும்போது அதே சோம்பு வாசத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு வண்டை ஏமாற்றிக் கூப்பிடும். உடம்பெல்லாம் மகரந்தத்தோடு வந்து பார்த்துவிட்டு, இங்கே ஒன்றுமில்லை என்று வண்டு திரும்பிப் போகும். அந்த ஏமாற்றத்தில்தான் குலை நிறைகிறது. ஊதுகுழல் பிடித்த பெண்களுக்கு அந்த வேலை போயிற்று. வண்டுக்கு யாரும் ஈ.பி.எஃப். கட்டவில்லை.

ஆலோசகர் இங்கே உற்சாகமாகி வண்டைத் திரையில் வரைவார். அம்புக்குறியை அவர் ஆண் பாளையிலிருந்து பெண் பாளைக்குப் போட்டு நிறுத்துவார். எலியிலிருந்து ஒரு அம்புக்குறி போடச் சொல்லுங்கள். பழத்தை மட்டும் கொறித்துக்கொண்டிருந்த தோட்டத்து எலிகள், ஆண் பாளையைக் கிழித்தால் உள்ளே கொழுத்த வண்டுப் புழு இருக்கிறது என்று கண்டுகொண்டன. மகரந்த வேலைக்காக அழைத்துவந்த பூச்சி, எலிக்குப் புரதச் சத்தாயிற்று. எந்தத் திட்ட வரைபடத்திலும் இது இல்லை. வயிறு உள்ள பிராணியை உள்ளே விட்டால் அந்த வயிற்றைத் தேடி இன்னொரு வயிறு வரும். இதற்குப் பட்ஜெட்டில் தனி வரி ஒதுக்க வேண்டும்.

எலிக்கு என்ன செய்வது என்பதில்தான் உங்கள் அமைப்பின் திறமை தெரியப்போகிறது. இங்கே ஒரு களப்பார்வை வைத்துக்கொள்ளுங்கள். ஆலோசகர்த் தம்பி கேமராவோடு வருவார், மண்டோர் அவரைத் தன் மோட்டாரில் உட்காரவைத்துப் பிளாக்குக்குள் கூட்டிப்போவார். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்.

“அண்ணே, ஒரு எக்டருக்கு எலி எவ்வளவு இருக்கும்?”

“எண்ணுனதில்ல தம்பி. அது நம்மகிட்ட வந்து பேரு பதியுமா?”

“பின்ன மருந்து எப்ப நிறுத்தணும்னு எப்படித் தெரியும்?”

“மரத்துக்கு ஒண்ணுன்னு மெழுகுக் கட்டி வெப்போம். நாலஞ்சு நாள் கழிச்சு வந்து, போனதுக்குப் பதிலா புதுசு வெப்போம். நூறு கட்டியில இருவதுக்குக் கீழதான் போயிருக்குன்னா நிறுத்திருவோம்.”

“இந்த நூற்றுக்கு இருபது யார் சொன்னது?”

“எழுதிக் கொடுத்தது ஆபீஸ்ல. சொல்றது எலிதான்.”

தம்பி இதைக் குறித்துக்கொண்டால் நல்லது. அளந்து, ஒப்பிட்டு, நிறுத்தும் பின்னூட்டக் கட்டுப்பாடு என்று பாடப்புத்தகத்தில் அவர் படித்தது இதுவேதான், உணரியின் வேலையை எலியே பார்க்கிறது. மருந்து வார்ஃபரின். 1980களில் அதற்கு மசியாத எலிகள் தோட்டங்களில் தலையெடுத்தன. உடனே அதைவிடக் கடுமையான அடுத்த தலைமுறை மருந்துகள் வந்தன. அதற்குள் வேறொரு ஆளும் வேலைக்கு வந்திருந்தது.

அது கூகை. இதய வடிவில் வெள்ளை முகம். மலாய்க்காரர் பேய்ப்பறவை என்பார்கள், நம்மவர்கள் கூரையில் உட்கார்ந்தால் கல்லெடுப்பார்கள். தீபகற்பத்தில் அது கூடுகட்டியதாக முதலில் பதிவானது 1969ல், ஜொகூரில், அதுவும் செம்பனைத் தோட்டத்தில். தின்பதில் ஏறக்குறைய முழுக்க எலி. குஞ்சு வளர்க்கும் ஒரு ஜோடி ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல் தின்னும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். வயது முதிர்ந்த செம்பனையில் அதற்குக் கூடுகட்டப் பொந்து கிடையாது. ஆகவே கம்பத்தில் பெட்டி வைத்துக்கொடுக்கிறார்கள். பத்து எக்டருக்கு ஒரு பெட்டி என்பது பொதுக் கணக்கு.

ஆலோசகருக்குச் சொல்லுங்கள்: இதன் தலையை ஏற்கெனவே காப்பியடித்துவிட்டார்கள். கூகையின் ஒரு காது மேலே, ஒரு காது சற்றே கீழே. கும்மிருட்டில் சருகு அசைந்தால், ஒலி ஒரு காதுக்கும் மறு காதுக்கும் வந்து சேரும் நேர வித்தியாசத்தை, வினாடியின் லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு அதன் மூளை பிரித்தறியும். இப்படிப்பட்ட கணக்கை நரம்புகள் எப்படிப் போடக்கூடும் என்று லாயிட் ஜெஃப்ரஸ் 1948லேயே ஊகம் சொன்னார். கலிஃபோர்னியாவின் கால்டெக்கில் மசகாசு கோனிஷியின் ஆய்வுக்கூடம் கூகைகளை வளர்த்து, அது உண்மை என்று நரம்பு நரம்பாகக் காட்டியது. அதே வளாகத்தில் இருந்த கார்வர் மீடும் ஜான் லஸாரோவும் 1989ல் அந்த நரம்புப் பின்னலை ஒரு சிலிக்கான் சில்லில் வடித்தார்கள். மூளையைப் போல வேலை செய்யும் சில்லு என்று இன்று விற்கப்படுவனவற்றின் மூத்த தலைமுறை அது. அபாரமான சில்லு, குறை சொல்லமாட்டேன். ஆனால் அது எலி பிடித்ததில்லை. எலி எங்கே என்று தெரிந்துகொள்ள அதற்கு ஒரு அவசியமும் இல்லை.

பெட்டியிலிருப்பதற்கு அவசியம் உண்டு. அதனால்தான் அடுத்த தவறைத் தோட்டங்கள் மிகச் சுலபமாகச் செய்ய முடிகிறது. இதை அப்படியே பின்பற்றினால் உங்கள் பணத்தை முழுதாக இழக்கலாம். முதலில் கூகைப் பெட்டி வையுங்கள். மூன்று மாதம் பொறுங்கள். எலி சேதம் குறையவில்லை என்று மேலேயிருந்து கேட்பார்கள். உடனே கடுமையான புதுமருந்தைப் போடுங்கள். அந்த மருந்து தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும். தள்ளாடுகிற எலியைப் பிடிப்பது எந்தக் கூகைக்கும் கஷ்டமில்லை. பெட்டிகள் காலியாகும். எலி மறுபடி பெருகும்போது மருந்தைக் கூட்டுங்கள். ஒரே காரியத்துக்கு இரண்டு கட்டுப்பாட்டுக் கருவிகளை ஒன்றுக்கொன்று தெரியாமல் வைக்கக்கூடாது என்று பொறியியல் மாணவனுக்கு முதலாண்டிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒன்று மற்றதைத் தின்று சாகும் நிலைமை பாடத்திட்டத்தில் இல்லை.

மண்டோரிடம் கேட்டால் சுருக்கமாகச் சொல்லிவிடுவார்: “ஒண்ணு மருந்து வைங்க, இல்ல ஆந்தை வைங்க. ஆந்தைக்கு மருந்து வெச்சா எப்படி?”

கடைசியாக, உயிருள்ள கட்டுப்பாட்டு அமைப்பின் பராமரிப்பு. இதை எப்படிக் கெடுப்பது என்பதற்கு 1950களின் இறுதியிலும் 60களின் தொடக்கத்திலும் மலாயாத் தோட்டங்கள் நல்ல முன்மாதிரி. ஓலையைத் தின்னும் பைப்புழு, தன்னைச் சுற்றி இலைத்துண்டுகளால் ஒரு பை கட்டிக்கொண்டு தொங்கும். அதன் மேல் டி.டி.டி., எண்ட்ரின் மாதிரி நாள்பட நிற்கும் மருந்துகளைத் தெளித்தார்கள். பைக்குள் இருந்த புழுக்களில் பல தப்பின. பையைக் குத்தி உள்ளே முட்டை வைக்கும் சின்னக் குளவிகள் செத்தன. அடுத்த தலைமுறைப் புழுவுக்குக் கேட்பாரில்லை. மருந்தடித்த இடத்தில்தான் புழு அதிகம் என்றாயிற்று. பிரையன் வுட் இதையெல்லாம் தோட்டம் தோட்டமாகப் பார்த்து, மருந்தை நிறுத்தினால் புழு அடங்குவதையும் காட்டி, 1968ல் செம்பனைப் பூச்சிகளைப் பற்றிப் புத்தகமே போட்டார். தெளிப்பதை நிறுத்துவதும் ஒரு கட்டுப்பாட்டு நடவடிக்கை என்று தலைமை அலுவலகத்துக்கு விளக்குவது சிரமம். வாங்குவதற்கு அதில் ஒன்றுமில்லை.

வாங்கியாக வேண்டுமென்றால் பூச்செடி வாங்குங்கள். ஜெராம், அசாம் ஜாவா பக்கம் எந்தத் தோட்டத்துச் சாலையில் போனாலும் ஓரத்தில் மஞ்சளும் வெள்ளையுமாக டர்னேரா, மஞ்சள் காசியா, ரோஸ் நிறத்தில் கொடிரோஸ் நட்டிருப்பதைப் பார்க்கலாம். மேனேஜர் வீட்டம்மாவின் ஆசை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது குளவிகளின் கேன்டீன். பைப்புழுவுக்குள் முட்டை வைக்கும் குளவி, தான் உயிர்வாழப் பூந்தேன் குடிக்கிறது. தேன் கிடைத்தால் அதிக நாள் இருக்கும், அதிகம் முட்டை வைக்கும். பூ இல்லாத தோட்டத்தில் அதற்கு வேலை இருக்கிறது, சாப்பாடு இல்லை.

சிக்கனம் பிடிக்கச் சொல்லிச் சுற்றறிக்கை வரும் ஆண்டில் முதலில் வெட்டப்படுவது இந்தச் செடிகள்தான், ஏனென்றால் கணக்குப் புத்தகத்தில் இவை ‘அழகுபடுத்துதல்’ என்ற தலைப்பில் கிடக்கின்றன. உடனே கிராணியைக் கூப்பிட்டுத் தலைப்பை மாற்றச் சொல்லுங்கள். ‘நுண்ணறிவுக் கட்டுப்பாட்டு அமைப்பு: ஊழியர் உணவு’ என்று எழுதட்டும். கூகைப் பெட்டிக்கான பலகையையும் ஆணியையும் ‘ஊழியர் குடியிருப்பு’ என்று அதற்குக் கீழே சேர்க்கலாம். மின்னஞ்சலுக்குப் பதில் போட இந்த இரண்டு வரியே போதும். தேதிக்குள் வேலை முடிந்தது என்று படத்தோடு அனுப்பிவிடுங்கள். படத்துக்குப் பழைய திரையை ஒருமுறை போட்டுக்கொண்டால் ஒன்றும் கெட்டுவிடாது. ஆடிட்டர் வந்து, ஊழியர் மொத்தம் எத்தனை, பெயர்ப்பட்டியல் எங்கே என்று கேட்பார். அவரை மண்டோரின் மோட்டாரில் பின்னால் ஏற்றி, நேரில் எண்ணிப் பார்த்துவிட்டு வரச் சொல்லி உள்ளே அனுப்புங்கள். அவர் திரும்புவதற்குள் நீங்கள் ஜெராம் கடற்கரையில் நண்டு சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம்.